சொட்டு நின்றால் காலி

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். அதை வைத்து அத்தான் ஒரு கேலி செய்வார். "தீப்பெட்டியை டிப்போ கேட்லயே வாங்கி வச்சுக்கறாங்க, இவளை மட்டும் உள்ளே விட்டுடறாங்க" என்பார். நான் எரிபொருள் டிப்போவின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அக்காவின் கணவரான அவர் அதே டிப்போவில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பேர். லாரியை ஊர்வலம் போவது போல ஓட்டுவார், டீயை ஆற வைத்துக் குடிப்பார், ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் இன்னொரு வேலையை முடித்துவிடலாம். அவர் தப்பு செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள், குட்டையும் நெட்டையுமாக, ஒரே கறுப்புக் குழம்பில் கிடக்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் அதைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். குட்டைச் சங்கிலிகள் சட்டென்று ஆவியாகி மேலே ஏறிப்போய், உச்சிப் பக்கம் குளிர்ந்து பெட்ரோலாக இறங்கும். அதைவிட நீளமானவை பாதி உயரத்தில் மண்ணெண்ணெயாக நிற்கும். அதற்குக் கீழே டீசல். எதற்கும் அசையாத மகா நீளங்கள் அடியிலேயே தங்கித் தாராகும். வீட்டில் நான் பெட்ரோல், அக்கா மண்ணெண்ணெய், அத்தான் தார் என்று ஒருநாள் சொன்னேன். அத்தான் அதை ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

பிரிக்கத்தான் கோபுரமும் உலையும் வேண்டும். மறுபடி சேர்த்துவைக்க ஒன்றுமே வேண்டாம். ஒரே லாரியில் நேற்றுப் பெட்ரோல், இன்று மண்ணெண்ணெய் என்று ஏற்றினால் போதும். அதற்காகத்தான் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு மாற்றி ஏற்றும் முன் லாரித் தொட்டியில் தடுத்துப் பிரித்த ஒவ்வோர் அறைக்கும் கீழே வாளியை வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, மிச்சம் மீதியை வடிய விட வேண்டும். சொட்டு நின்றால் அறை காலி. இந்த 'சொட்டு நின்றால் காலி'யை ஓட்டுநர்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அன்று பிற்பகல், காலையில் போன லாரிகளின் மாதிரிகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்போவின் பெரிய தொட்டியில் எடுத்த மாதிரி முன்தினமே தேறியிருந்தது. லாரியிலிருந்து எடுக்கும் மாதிரி வெறும் சம்பிரதாயம், லாரி போன பிறகு சாவகாசமாகப் பார்ப்போம். அந்தச் சாவகாசத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மண்ணெண்ணெய்க்கு முக்கியமான சோதனை ஃப்ளாஷ் பாயின்ட். மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் மாதிரியை ஊற்றி மெல்ல மெல்லச் சூடாக்குவோம். நடுநடுவே மூடியில் உள்ள ஓட்டையைத் திறந்து ஒரு சின்னச் சுடரை உள்ளே எட்டிப் பார்க்க விடுவோம். எந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஆவி குப்பென்று பற்றுகிறதோ அதுதான் ஃப்ளாஷ் பாயின்ட். நல்ல மண்ணெண்ணெய் நாற்பது டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றும். அதனால்தான் அதை நம்பிச் சமையலறைக்குள் விடுகிறோம்.

அத்தானின் லாரியில் மூன்றாவது அறை மாதிரி, சூடாக்குவதற்கு முன்பே பற்றியது. ஏ.சி. அறையின் குளிரில், சுடர் முதல் தடவை எட்டிப் பார்த்ததுமே, நீலமாக ஒரு குதி குதித்தது.

கிண்ணம்தான் சரியாகக் கழுவப்படவில்லை என்று உதவியாளர்களை மனதுக்குள் திட்டினேன். நானே கழுவித் துடைத்து, புதிதாக ஊற்றிப் பார்த்தேன். மறுபடியும் அதே நீலம். அந்த அறை மண்ணெண்ணெய் காலையிலேயே ஊருக்குள் ஒரு சில்லறைக் கடைக்குப் போய் இறங்கியிருக்கும். கேன் கேனாக வாங்கிப்போய் ஸ்டவ்வில் ஊற்றுகிற தெருக்கள் அவை.

மேனேஜரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் அத்தானுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்.

"அத்தான், மூணாவது அறையில நேத்து என்ன ஏத்தினீங்க?"

"பெட்ரோல்."

"இன்னைக்கு ஏத்தறதுக்கு முன்னாடி வடிச்சீங்களா?"

"என்ன கேள்வி இது? சொட்டு நிக்கிற வரைக்கும் கூடவே குந்திட்டிருந்தேன்."

"மாதிரி தப்பா வருது. ரெண்டு தடவை பார்த்துட்டேன். பெட்ரோல் கலந்திருக்கு."

"உன் மெஷினைப் பாரு."

"மெஷின் சரியா இருக்கு, அத்தான்."

"அப்போ நான்தான் சரியில்லையா?" குரல் உயரவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். "இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு கலந்ததில்லை. நல்லா கேட்டுக்கோ. இந்த மாசத்து கேனை அந்த அறையிலதான் பிடிச்சேன். கடைக்காரர் முன்னாடியே பிடிச்சேன், அவர்கிட்டயும் சொன்னேன், நல்ல சரக்குன்னு. தப்பான சரக்கை என் வீட்டுக்கே கொண்டுவருவேனா?"

ஓட்டுநர்களுக்கு மாதம் ஒரு கேன் மண்ணெண்ணெய் டிப்போ கொடுக்கும் சலுகை. அவர் அதைத் தன் நேர்மைக்குச் சாட்சியாகச் சொன்னார். அந்தக் கேன் அக்காவின் சமையலறையில் இருக்கிறது.

"அதைத் தொடாதீங்க. ஸ்டவ்வை யாரும் பத்த வைக்கக் கூடாது. நான் மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவருக்கு வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். சரக்கைக் கலந்தவரை டிப்போ ஒருநாளும் மன்னித்ததில்லை. வேறெங்கும் லாரிச் சாவியைக் கொடுக்கவும் மாட்டார்கள். அக்காவின் வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அது. மேனேஜர் அறைக்குப் போகும் நடைவழியில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடி நடப்பதற்கு நேரமில்லை என்பதால் அழாமல் நடந்தேன்.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர். "இன்னொரு முறை டெஸ்ட் பண்ணலாமே. காலையில சீனியரை வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

"சார், காலையில வரைக்கும் ஊர்ல யாரும் சமைக்க மாட்டாங்களா?"

அவர் ரிப்போர்ட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இது உங்க அத்தான் வண்டிதானே?" என்று கேட்டார்.

"ஆமா. அதனாலதான் மூணாவது தடவை பார்க்காம வந்திருக்கேன். பார்த்தா என் மனசு மாறிடும்."

அவர் கடைக்குப் போன் போட்டார். விற்பனையை நிறுத்தச் சொன்னார். காலையிலிருந்து எட்டுப் பேர் வாங்கிப் போயிருப்பதாகக் கடைக்காரர் சொன்னது எனக்கும் கேட்டது. பதிவேட்டைப் புரட்டினோம்; மீதி லாரிகளில் பெட்ரோல் போன அறையில் பெட்ரோலும், டீசல் போன அறையில் டீசலும்தான் ஏறியிருந்தன. சரக்கு மாறியது இந்த ஓர் அறையில் மட்டும்தான்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனே, "என்னடி சொன்ன அவர்கிட்ட?" என்றாள். "கேனைத் திறந்து ஸ்டவ் நிறைய ஊத்திட்டார். உன் கண்ணு முன்னாடியே பத்த வச்சுக் காட்டறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறார்."

"அக்கா, தீப்பெட்டியை எடுத்து ஒளிச்சு வை. குழந்தையை வெளியே தூக்கிட்டுப் போ. இதோ வரேன்."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். அத்தான் பார்த்திருந்தால் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. ஸ்டவ் மூட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். அவள் முந்தானை முடிச்சில் தீப்பெட்டி. அத்தான் சமையலறைத் தரையில் ஸ்டவ்வுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பக்கத்து வீட்டில் வாங்கிய இன்னொரு தீப்பெட்டி. எனக்காகத்தான் காத்திருந்தார். நான் இல்லாமல் பற்ற வைத்தால் அவருடைய நிரூபணத்தை யார் பார்ப்பது?

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. இப்போ பாரு" என்று பெட்டியைத் திறந்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அத்தனை வருஷத்தில் அவர் கையை நான் தொட்டதில்லை. "அத்தான், பத்த வைக்கத்தானே வேணும்? வைக்கலாம். இங்க வேண்டாம், வெளியே. ஒரு ஸ்பூன் போதும். நீங்க சொன்னது சரின்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டு, மேனேஜர் கால்லயும் விழறேன்."

அந்தப் பேரம் அவருக்குப் பிடித்திருந்தது போல. எழுந்தார்.

கொல்லைப்பக்கத்து சிமென்ட் தரையில் இரண்டு தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒன்றில் போன மாதக் கேனின் அடியில் மிஞ்சியிருந்த பழைய மண்ணெண்ணெய் ஒரு ஸ்பூன். இன்னொன்றில் இன்று வந்தது ஒரு ஸ்பூன். கேனையும் ஸ்டவ்வையும் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நீள விளக்குமாற்றுக் குச்சியைப் பற்ற வைத்துப் பழைய தட்டுக்கு மேலே ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய்க்கு மேலே ஒரு விரற்கடை வரை இறக்கினேன். அப்போதும் அது சாதுவாகக் கிடந்தது.

"இப்படித்தான் அதுவும் இருக்கும்" என்றார் அத்தான். "குச்சியைக் கொடு."

"தள்ளி நின்னு, கையை நீட்டி."

"எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை தெரிந்துகொள்ள விரும்பவில்லை. புதிய தட்டின் மேல் குனிந்துகொண்டே குச்சியைக் கொண்டுபோனார். சுடர் எண்ணெயைத் தொடவே இல்லை. ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே தட்டிலிருந்து தீ எழுந்து குச்சியை வந்து பிடித்தது. கண்ணுக்குத் தெரியாமல் தட்டுக்கு மேல் நின்றிருந்த ஆவிதான் பற்றியது. அத்தான் பின்னால் சாய்ந்து விழுந்தார். நான் முன்பே நனைத்து வைத்திருந்த சாக்கைத் தட்டின் மேல் போட்டேன்.

வலது புருவம் பாதி போயிருந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். தோல் உரியவில்லை. அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் முகத்தில் ஊற்ற ஊற்ற அழுதாள்.

"கேனைத் திறந்தப்பவே நினைச்சேன்" என்றாள். "பெட்ரோல் ஓட்டற நாள்ல உங்க சட்டையில ஒரு வாசனை வருமே, அதே வாசனை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை இல்ல உனக்கு?"

எனக்கு அவள் மேல் கோபமாகவும் இருந்தது, அவள் கேட்டது நியாயமாகவும் இருந்தது.

அத்தான் ஈரமுகத்தோடு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சொட்டு நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்றார். யாருக்கும் சொல்வதாகத் தெரியவில்லை. முகத்து நீரை வழித்துவிட்டு, "எப்பவும் வடிக்கிற சமதளத்துல புதுசா காங்கிரீட் போட்டிருக்காங்க. காயட்டும்னு வண்டியை விடலை. கேட் பக்கம் சரிவுல நிறுத்திதான் வடிச்சேன்" என்றார்.

"வண்டி மூக்கு எந்தப் பக்கம்?"

"கீழே."

குழாய் ஒவ்வோர் அறையின் பின்பக்கத்தில் இருக்கிறது. லாரியின் மூக்கு கீழே இறங்கி நின்றால் மிச்சப் பெட்ரோல் முழுவதும் முன்பக்கத்து மூலையில் போய்த் தேங்கும். குழாயில் சொட்டு நிற்கத்தான் செய்யும். உள்ளே நாலைந்து குடம் பெட்ரோல் அப்படியே படுத்துக் கிடந்திருக்கும். காலியாக இருந்தது அறை இல்லை, குழாய் மட்டும்தான். விதியை எழுதியவர்கள் சமதளத்தில் நின்று எழுதினார்கள். அவர் அந்த விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் சரிவில் நின்று கடைப்பிடித்தார்.

அவருடைய போன் அடித்தது. மேனேஜர். அத்தான் எடுக்கவில்லை. "கடையில எத்தனை பேர் வாங்கினாங்களாம்?" என்று என்னைக் கேட்டார்.

"எட்டுப் பேர்."

எழுந்து செருப்பைப் போட்டார். அவர் அவ்வளவு சட்டென்று எழுந்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் ஏழு பேரைப் பேர் வாரியாகத் தெரிந்து வைத்திருந்தார், எல்லாரும் வாடிக்கைக்காரர்கள். ஆட்களை அனுப்பி ஏழு கேன்களையும் நாங்கள் போவதற்குள்ளேயே திரும்ப வாங்கிவிட்டார். எட்டாவது ஒரு பச்சைக் கேன். "புதுசா குடிவந்த அம்மா. தையல் மெஷின் வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. எந்த வீடுன்னு கேட்கலை" என்று கையைப் பிசைந்தார்.

தெருத் தெருவாகப் போனோம். இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறைச் சன்னல்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தான் கதவு கதவாகத் தட்டினார். "பச்சை கேன்ல மண்ணெண்ணெய் வாங்கினீங்களா? தையல்காரம்மா வீடு தெரியுமா?" என்று கேட்டார். சிலர் அவர் நெற்றியைப் பார்த்துப் பயந்து கதவைச் சாத்தினார்கள். போன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் மெஷின் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு மாடிப்படியின் உச்சியில் திறந்திருந்த அறை. நாங்கள் பாதிப் படி ஏறும்போது சத்தம் நின்றது. மேலே போனபோது அந்தப் பெண் மெஷினை விட்டு எழுந்து, ஸ்டவ்வை இழுத்து வைத்து, காற்று அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தீப்பெட்டி.

"அதைப் பத்த வைக்காதீங்கம்மா" என்றார் அத்தான் வாசலிலிருந்தே. "சரக்குல தப்பு இருக்கு. கேனைக் கொடுங்க, பணத்தை வாங்கிக்கோங்க."

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "கேனைக் கொடுத்துட்டு ராத்திரிக்கு எதுல சமைக்கறது?"

"பெட்ரோல் கலந்திருக்கு" என்றேன் நான். "ஸ்டவ் வெடிச்சிடும்."

"நீங்க யாரு? கடைக்காரர் அப்படி ஒண்ணும் சொல்லலையே." தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் கேட்டுத்தான் வாங்கினேன், வாசனை ஒரு மாதிரி இருக்கேன்னு. வண்டி ஓட்டறவரே தன் வீட்டுக்கு ஒரு கேன் பிடிச்சுட்டுப் போயிருக்காராம். தப்பான சரக்கை அவர் வீட்டுக்கே கொண்டுபோவாரான்னு கேட்டார். நியாயம்தானே?"

நான் அத்தானைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவர் ஒரு அடி உள்ளே போய், தையல் மெஷினின் விளக்கு வெளிச்சத்தில் முகத்தைக் குனிந்து காட்டினார்.

"அந்த வண்டியை ஓட்டினவன் நான்தான்மா. வீட்டுக்குக் கொண்டுபோனது நிஜம்தான். இதைப் பாருங்க."

அவள் பாதி புருவத்தையும் நெற்றித் தடத்தையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

அத்தான் மெஷின் விளக்கை அணைக்கச் சொன்னார். வெளிவராந்தா வெளிச்சத்துக்கு ஸ்டவ்வைத் தூக்கிவந்து, காற்றை இறக்கி, மூடியைத் திருகித் திறந்து, பச்சைக் கேனில் கவிழ்த்தார். அது கொஞ்ச நேரம் ஒழுகியது. பிறகு சொட்டியது. பிறகு சொட்டும் நின்றது.

"அவ்வளவுதானே?" என்றாள் அந்தப் பெண்.

அத்தான் படியில் உட்கார்ந்து ஸ்டவ்வை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறுபக்கம் சாய்த்தார், முன்னால், பின்னால், மறுபடி முதலிலிருந்து. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை சாய்த்தபோதும் இன்னும் கொஞ்சம் வந்தது.